பழைய தன்னோடு மோதும் கதாபாத்திரத்தை எழுதுவது எப்படி?

நான் எழுதிய முதல் கதை ஒரு கண்ணாடி முன்னால் தொடங்கியது. நரைத்த மீசைக்காரர் ஒருவர் தன் முகத்தைப் பார்த்து, "அந்தக் காலத்தில் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தேன் நான்!" என்று பெருமூச்சு விடுவார். அப்புறம் நாலு பக்கத்துக்கு வருந்துவார். படித்துப் பார்த்த நண்பர் கேட்டது ஒன்றுதான்: "சரி, இவரு அப்போ என்னதான்யா பண்ணாரு?" எனக்குப் பதில் தெரியவில்லை. கெட்டவராக இருந்தார், திருந்தினார், இப்போது வருந்துகிறார் என்பதற்கு மேல் அந்த ஆளைப் பற்றி நான் யோசித்திருக்கவே இல்லை.

கதை பரணுக்குப் போய்விட்டது. அதில் என்ன கோளாறு என்று பிடிபடத்தான் பல வருடம் ஆனது. வருந்துகிறவர் சொன்னதை, எழுதுகிற நானே அப்படியே நம்பிவிட்டேன். பழைய தன்னைத் திட்டுகிறவருக்கு அந்தத் திட்டில் ஓர் ஆதாயம் இருக்கிறது. அன்றைய ஆளை எவ்வளவு மோசமாக்குகிறாரோ அவ்வளவுக்கு இன்றைய ஆள் உயர்ந்துவிடுகிறார். காசு செலவில்லாமல் கிடைக்கும் நல்ல பெயர். கீழே வரும் படிகள் எல்லாமே அந்த ஆதாயத்தை அவர் கையிலிருந்து பிடுங்குவதற்குத்தான்.

வெறும் விதியாகச் சொன்னால் மனதில் நிற்காது. ஓர் ஆளைக் கூடவே அழைத்துக்கொண்டு போவோம். பெயர் தங்கராசு, வயது 64, ஊர் அறந்தாங்கிப் பக்கம். நான் இட்டுக்கட்டிய ஆள்தான். 1987இல் மஸ்கட்டில் கட்டட வேலைக்குப் போனவர். அந்தக் காலத்தில் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசிப் பதிவுசெய்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பும் வழக்கம் இருந்தது. அப்படி ஒரு கேசட் இப்போது பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து அவர் மகள் கைக்குக் கிடைத்திருக்கிறது.

முதல் படி: குணத்தை விடுங்கள், ஒரு செயலைப் பிடியுங்கள்

"இளமையில் திமிராக இருந்தான்" என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. திமிரில் என்ன செய்தான்? யாருக்கு? அந்த இடத்தில் என்னென்ன பொருட்கள் இருந்தன?

இதை டிக்கன்ஸ் அளவுக்குச் செய்தவர்கள் குறைவு. 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை தொடராக வந்த 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் பிப் என்ற அநாதைப் பையனை, அவன் அக்காள் புருஷன் ஜோ அன்போடு வளர்க்கிறார். ஜோ ஒரு கொல்லர். முகம் தெரியாத ஒருவர் பணம் கொடுக்க, பிப் லண்டனுக்குப் போய்க் கனவான் ஆகிறான். ஒருநாள் ஜோ அவனைப் பார்க்க வருகிறார். காசு கொடுத்து அவர் வருகையைத் தடுக்க முடியுமென்றால் கொடுத்திருப்பேன் என்கிறார், பின்னாளில் கதை சொல்லும் பிப். ஜோவுக்குத் தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கணப்பு மாடத்தின் விளிம்பில் வைக்கிறார். விழுகிறது. பாய்ந்து பிடித்து மறுபடி வைக்கிறார். மறுபடி விழுகிறது. தன் கையால் வளர்த்த பையனை ஒரு வாக்கியத்தில் "பிப்" என்றும் அடுத்ததில் "சார்" என்றும் கூப்பிடுகிறார்.

அந்த "சார்" போதும். நன்றி கெட்டவனாக இருந்தேன் என்று பக்கம் பக்கமாக எழுதினாலும் அந்தத் தொப்பி விழும் சத்தத்துக்கு ஈடாகாது.

தங்கராசுக்கு வருவோம். "அம்மாவிடம் பொய் சொன்னான்" என்பது இன்னும் குணம்தான். கேசட்டில் 26 வயதுக் குரல் சொல்வது இது: "ஆத்தா, ஏசி ரூமு ஆத்தா. ராத்திரியில போர்வை போத்திக்கிட்டுத்தான் படுக்கணும்னா பாத்துக்க." அன்று அவர் இருந்தது பதினொரு பேர் படுக்கும் அறை. வெக்கை தாங்காமல் துண்டை நனைத்து மேலே போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் தூங்கியவர். இப்போது நமக்கு ஒரு செயல் கிடைத்துவிட்டது, ஒரு போர்வையும் கிடைத்துவிட்டது.

இரண்டாம் படி: இருவரும் சந்திக்க ஒரு வழி

கண்ணாடி ஏன் உதவாது என்றால், அதில் தெரிவது இன்றைய முகம். பழையவன் அதற்குள் இல்லை. அவன் தன் சொந்தக் குரலோடு, திருத்த முடியாதபடி வந்து நிற்க வேண்டும். கதாபாத்திரத்தின் ஞாபகத்தையும் முழுக்க நம்பாதீர்கள், ஞாபகத்தைப் பூசி மெழுகலாம். பதிவாகிவிட்ட எதையும் அப்படிச் செய்ய முடியாது: கடிதம், கணக்கு நோட்டு, கல்யாண வீடியோ, காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த புகார்.

சாமுவேல் பெக்கெட்டின் 'க்ராப்ஸ் லாஸ்ட் டேப்' நாடகம் 1958 அக்டோபரில் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் முதன்முதலாக நடந்தது. மேடையில் ஒரே ஆள், ஒரு டேப் ரெக்கார்டர். க்ராப்புக்கு அன்று 69வது பிறந்தநாள். ஒவ்வொரு பிறந்தநாளிலும் அந்த வருடத்தைப் பற்றிப் பேசிப் பதிவுசெய்வது அவர் பழக்கம். இன்று 39 வயதில் பேசியதை எடுத்துக் கேட்கிறார். இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. 1958இல் 30 வருடப் பழைய டேப் யாரிடமும் இருந்திருக்க முடியாது, அந்தக் கருவியே அவ்வளவு பழசில்லை. பெக்கெட் சுற்றி வளைக்கவில்லை. கதை நடப்பது "வருங்காலத்தில்" ஒரு பின்மாலை என்று நாடகக் குறிப்பில் ஒரு வரி போட்டார், வேலை முடிந்தது. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அது அந்தக் காலத்தில், அந்த வீட்டில் இருந்திருக்குமா என்று ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். 1987 அறந்தாங்கியில் வீடியோ அழைப்பு இல்லை, கேசட் உண்டு.

ஆளையே நேரில் கொண்டுவந்து நிறுத்துவது இன்னொரு வழி. அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் 1975இல் வெளியிட்ட 'மணல் புத்தகம்' தொகுப்பில் 'மற்றவன்' என்று ஒரு கதை. 1969 பிப்ரவரியில், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், சார்லஸ் ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் எழுபதை நெருங்கிய போர்ஹெஸ். பக்கத்தில் வந்து உட்காருகிறவன் இருபதைத் தொடாத போர்ஹெஸ். அவனைக் கேட்டால், தான் இருப்பது ஜெனீவாவில் என்கிறான். நீதான் நான் என்று நிரூபிக்க, வீட்டில் இருக்கும் வெள்ளிக் கோப்பை முதல் அலமாரிப் புத்தகங்கள் வரை பெரியவர் அடுக்குகிறார். பையன் அசரவில்லை. நான் உங்களைக் கனவு காண்கிறேன் என்றால், எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரிந்திருப்பது இயல்புதானே என்கிறான். பிறகு அவனே பெரிய ஓட்டையைக் கண்டுபிடிக்கிறான்: சின்ன வயதில் இப்படி ஒரு கிழவரைச் சந்தித்தது உங்களுக்கு எப்படி மறந்துபோனது? பெரியவரிடம் உருப்படியான பதில் கிடையாது.

மாயமாக எழுதப்போகிறீர்கள் என்றால் இது நல்ல பாடம். வாசகர் கேட்கப்போகும் கேள்வியைக் கதைக்குள்ளேயே யாரையாவது முதலில் கேட்க வைத்துவிடுங்கள். பதில் அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை.

மூன்றாம் படி: இடைவெளி எவ்வளவு?

முப்பது வருடம் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சிலப்பதிகாரத்தில் பாண்டியனுக்குக் கிடைப்பது மிகக் குறுகிய நேரம். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறிக்கிறது. "யானோ அரசன் யானே கள்வன்" என்கிறான். பொற்கொல்லன் பேச்சை நம்பித் தீர்ப்புச் சொன்ன அந்த மன்னன், இவனுக்கு அதற்குள் அந்நியன் ஆகிவிட்டான். இடைவெளி குறுகக் குறுக விளக்கம் குறைய வேண்டும் என்பது என் அனுபவம். பாண்டியன் அதற்கு மேல் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. மயங்கி விழுந்து உயிரை விட்டான்.

நான்காம் படி: பழையவன் ஒரு வாதத்திலாவது ஜெயிக்க வேண்டும்

பெரும்பாலான கதைகள் படுத்துவிடுவது இங்கேதான். பழையவனை அடிக்க வசதியான பொம்மையாக வைத்துவிடுகிறோம். அவனுக்கு வாய் கொடுங்கள். அன்றைக்கு அவனுக்கிருந்த நியாயம் என்ன, இன்றையவர் எதைத் தொலைத்துவிட்டார் என்று ஒரு தாளில் தனியாக, அவன் குரலிலேயே எழுதிப் பாருங்கள். கதையில் அது வராவிட்டாலும் சரி.

2004இல் வந்த 'ஃபேட்/ஸ்டே நைட்' என்ற ஜப்பானிய விஷுவல் நாவல் (படங்களோடு கதையைப் படித்துக்கொண்டே போகும் கணினி விளையாட்டு) இதை நேரடிச் சண்டையாகவே வைத்தது. அனிமே பார்ப்பவர்களுக்கு ஆர்ச்சரைத் தெரிந்திருக்கும். எல்லோரையும் காப்பாற்ற வேண்டும் என்ற லட்சியத்தோடு வளர்ந்த ஷிரோ என்ற பையன், வருங்காலத்தில் ஆகப்போகும் வீரன்தான் ஆர்ச்சர். அந்த லட்சியம் தன்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்துவிட்டவன். ஆகவே பழைய தன்னையே கொன்றுவிட்டால் எல்லாம் இல்லாமல் போகும் என்று நம்புகிறான். வாள்வீச்சில் அவன் கை ஓங்கியே இருக்கிறது. உன் லட்சியமே இரவல் என்று அவன் சொல்வதும் உண்மைதான், ஷிரோவும் அதை மறுக்கவில்லை. இரவலாக இருந்தாலும் அது அழகானது, தப்பானதாக ஆகிவிடாது என்கிறான். வயதில், அனுபவத்தில், திறமையில் எல்லாம் தோற்கும் பையன் அந்த ஒரு இடத்தில் நிற்கிறான். கதை முழுவதும் அந்த ஒரு இடத்தில்தான் தொங்குகிறது.

போர்ஹெஸ் கதையில் எதிர்ப்பக்கம். மனிதகுலத்தின் சகோதரத்துவத்தைப் பாடப்போகிறேன் என்கிறான் பையன். எல்லோரையும் நிஜமாகவே சகோதரனாக உணர்கிறாயா, தபால்காரரையும் பிணம் அடக்குகிறவரையும் சேர்த்தா என்று கிழவர் மடக்குகிறார். கெட்டிக்காரத்தனமான கேள்வி. ஆனாலும் படிக்கும்போது எனக்குப் பையன் மேல்தான் பிரியம் வந்தது. பெரியவர் சொல்வது சரியாக இருந்தும் நம் மனம் சின்னவன் பக்கம் சாய்கிறது என்றால், எழுதியவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்.

பழையவன் கெட்டவனாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' 1843 டிசம்பர் 19 அன்று வெளிவந்தது. கஞ்சன் ஸ்க்ரூஜை ஆவி அழைத்துப்போய் முதலில் காட்டுவது விடுமுறையில் பள்ளிக்கூடத்தில் தனியாக விடப்பட்ட ஒரு பையனை. அவனைப் பார்த்த ஸ்க்ரூஜுக்கு, நேற்று ராத்திரி தன் வாசலில் பாட வந்த பையன் ஞாபகத்துக்கு வருகிறான். அவனுக்கு ஏதாவது கொடுத்திருக்கலாம் என்று முணுமுணுக்கிறார். பழைய தான் இன்னொரு சின்னப் பையன் வழியாகத்தான் அவரைக் குத்துகிறது. கடைசியில் தாங்க முடியாமல், ஆவி கையில் இருந்த தொப்பியைப் பிடுங்கி அதன் தலையில் கவிழ்த்து அழுத்துகிறார். ஆவியின் தலையிலிருந்து வரும் வெளிச்சம் அடியில் கசிந்துகொண்டே இருக்கிறது.

நம் தங்கராசுவின் பழைய குரலுக்கு யார் வாதாடுவது? கேசட்டே வாதாடட்டும். ஏசி ரூம் வரும் இடத்தில் மட்டும் நாடா தேய்ந்து, குரல் அலையாடுகிறது. மற்ற இடமெல்லாம் தெளிவாக இருக்கிறது. அந்த இடத்தை யாரோ திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் அப்போது இருந்தது ஆத்தா ஒருத்திதான். இதற்கு மேல் ஒரு வரி விளக்கம் எழுதினாலும் கெட்டுப்போகும்.

ஐந்தாம் படி: நீயா, நீங்களா?

இது தமிழில் எழுதுகிறவர்களின் சொந்தத் தலைவலி, சொந்த வசதியும்கூட. ஆங்கிலத்தில் இரண்டு பேரும் ஒரே சொல்லால் கூப்பிட்டுக்கொண்டு தப்பித்துவிடலாம். நமக்கு அது நடக்காது. 64 வயது தங்கராசு 26 வயது தங்கராசுவை எதிரில் பார்த்தால் "தம்பி" என்பாரா, "டேய்" என்பாரா? அவன் இவரை "ஐயா" என்பானா, "பெருசு" என்பானா? யாரென்று தெரிந்த பிறகும் அவன் "நீங்க" என்றே பேசினால் அதில் ஒரு விலகல் இருக்கிறது. சட்டென்று "நீ" என்று இறங்கினால், அந்த ஒரு சொல்லில் சண்டை ஆரம்பித்துவிட்டது. உரையாடலில் மரியாதை எந்த வரியில் மாறுகிறது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து, அந்த வரிக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

நேரில் சந்திக்காத கதைகளிலும் இது உண்டு. பழைய தன்னை "நான்" என்றே சொல்கிறாரா, "அந்தப் பய" என்கிறாரா? தங்கராசு கேசட்டை நிறுத்திவிட்டு மகளிடம், "இவன் பேச்சைக் கேட்டியா?" என்கிறார். தன்னையே "இவன்" என்கிறார். பிற்பாடு ஒரே ஒரு இடத்தில் அது "நான்" ஆக வேண்டும். எங்கே என்பதில்தான் உங்கள் கைவரிசை.

வட்டார வழக்கையும் கவனியுங்கள். "ஆத்தா" என்று கூப்பிட்ட வாய் இப்போது பேரப்பிள்ளைகளுக்காக "அம்மா", "பாட்டி" என்று மாறியிருக்கும். பழைய குரலில் ஊர்ப்பேச்சு தூக்கலாக இருக்கும், இன்றைய பேச்சில் கொஞ்சம் வெளுத்திருக்கும். க்ராப்பிடம் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். கைம்மை என்று பொருள்படும் அரிய சொல் ஒன்றை 39 வயதுக் குரல் அலட்சியமாக வீசுகிறது. 69 வயதுக்காரருக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியவில்லை. டேப்பை நிறுத்திவிட்டுப் போய் அகராதியைத் தூக்கிக்கொண்டு வருகிறார். தன் வாயிலிருந்து வந்த சொல்லுக்கே அகராதி பார்க்கும் மனிதர்! முதுமையைப் பற்றி இதைவிடக் கச்சிதமாக ஒரு காட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆறாம் படி: வெறுக்கிற அதே பழக்கம் இன்றும் இருக்கட்டும்

என்னைக் கேட்டால் மற்ற படிகளை விட்டாலும் இதை விடாதீர்கள். எதற்காகப் பழையவனைத் திட்டுகிறாரோ, அதையே இன்று வேறு சட்டை போட்டுச் செய்துகொண்டிருக்க வேண்டும்.

க்ராப்பிடமே இருப்போம். 39 வயதுக் குரல், அதற்கும் பத்துப் பன்னிரண்டு வருடம் முந்திய தன் டேப்பைக் கேட்டுவிட்டு வந்து பேசுகிறது. அந்தப் பொடியனின் ஆசைகளைச் சொல்லிச் சிரிக்கிறது. மேடையில் கிழவரும் கூடச் சிரிக்கிறார். அவன் எடுத்த தீர்மானங்களைச் சொல்லிச் சிரிக்கிறது. கிழவரும் சிரிக்கிறார். குறிப்பாக, குடியைக் குறைப்பது என்கிறது குரல். இந்த இடத்தில் டேப்பில் சிரிப்பு இல்லை. கிழவர் மட்டும் தனியாகச் சிரிக்கிறார்.

மூன்று வயதுகள், மூன்று சிரிப்புகள். இதைப் படித்த அன்று ஒரு பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டு வைத்தேன், இன்னும் அழியவில்லை. நாற்பதைத் தொடப்போகிறவன் இருபதுகளைப் பார்த்துச் சிரிக்கும்போது தான் தப்பித்துவிட்டதாக நினைக்கிறான். வாழைப்பழத்தை விட வேண்டும் என்றுகூட அதே டேப்பில் தீர்மானம் போடுகிறான். மேடையில் உட்கார்ந்திருக்கும் கிழவர் சற்று முன்புதான் வாழைப்பழம் தின்றதை நாம் பார்த்தோம்.

தங்கராசுவின் பொய் என்ன ஆயிற்று? கேசட்டை நிறுத்தி, "பொய்யைப் பாரு, பொய்யை" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டொராண்டோவிலிருந்து மகன் கூப்பிடுகிறான்.

"முட்டி வலி எப்படிப்பா இருக்கு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. காலையிலகூடக் கம்மாக்கரை வரைக்கும் நடந்துட்டு வந்தேன்."

முட்டியில் பட்டை கட்டி, காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்தபடி சொல்கிறார். மகள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த இடத்தில் தங்கராசுவுக்குத் தான் செய்வது உறைக்க வேண்டுமா, வேண்டாமா என்று இரண்டு மாதிரியும் எழுதிப் பார்த்தேன். உறைத்தபோது கதை பிரசங்கம் ஆகிவிட்டது. மகளுக்கு மட்டும் உறைக்கட்டும் என்று விட்டேன்.

ஏழாம் படி: எழுதி முடித்த பின் வெட்ட வேண்டியவை

வருந்தினான், வெட்கப்பட்டான், குற்ற உணர்ச்சி, உள்ளம் குமுறியது. இந்தச் சொற்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். பாதிக்கு மேல் எடுத்துவிடலாம். அதே போல "அப்போது எனக்குத் தெரியவில்லை, ஆனால்" என்று தொடங்கும் வாக்கியங்கள். ஒரு கதையில் ஒன்று இருந்தால் சரி. பிப் தன் கதையைத் தானே சொல்வதால் பெரியவனும் சின்னவனும் ஒரே "நான்"க்குள் இருக்கிறார்கள். அங்கே யார் பேசுவது என்று குழப்பம் வராமல் இருக்க, சின்னவனுக்குத் தெரியாத எதையும் காட்சி நடக்கும்போது சொல்லாதீர்கள். காட்சி முடிந்த பிறகு பெரியவன் ஒரு வரி பேசலாம்.

எட்டாம் படி: எங்கே நிறுத்துவது

பழையவனும் புதியவனும் கட்டிப்பிடித்துச் சமாதானமாகும் முடிவு எனக்கு ஒத்துவராது. ஸ்க்ரூஜ் மாதிரி முழுசாகத் திருந்துவதற்கு கிறிஸ்துமஸும் மூன்று ஆவிகளும் வேண்டியிருந்தன. போர்ஹெஸ் கதையில் இருவரும் நாளைக்கு இதே இடத்தில் சந்திக்கலாம் என்று பேசிப் பிரிகிறார்கள். இரண்டு பேருமே பொய் சொல்கிறார்கள், வரப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். க்ராப் நாடகத்தின் முடிவில் 39 வயதுக் குரல், என் நல்ல வருடங்கள் போயிருக்கலாம், ஆனாலும் அவை திரும்ப வேண்டாம் என்று வீராப்பாகச் சொல்லி ஓய்கிறது. கிழவர் அசையாமல் வெறித்துப் பார்த்தபடி இருக்கிறார். டேப் சத்தமில்லாமல் ஓடுகிறது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

உங்கள் முடிவில் ஏதாவது ஒரு சின்ன வேலையைக் கையில் கொடுத்துவிடுங்கள், பேச்சு தானாகக் குறையும். தங்கராசுக்கு நான் கொடுத்தது இதுதான். மகள் கேசட்டை பென்டிரைவில் ஏற்ற டவுனுக்குக் கொண்டுபோகக் கேட்கிறாள். நாடா லேசாக வெளியே பிதுங்கியிருக்கிறது. அவர் பேரனின் பென்சிலை வாங்கி, பல்சக்கரத்தில் செருகி, மெதுவாகச் சுற்றுகிறார். தேய்ந்துபோன இடம் வரும்போது கை நிற்கிறது.

"இதை ஏத்தும்போது அந்த ஏசி ரூம் பேச்சை எடுத்துரச் சொல்லவாப்பா?"

"ஏன்? நான்தானே சொன்னேன். இருக்கட்டும்."